கிரேட் டேன் குட்டிக்கு என்ன போடுவது: டாக் ஃபுட்டா, சிக்கன் சோறா, இரண்டும் கலந்தா?

கிரேட் டேன் குட்டி வாங்கியவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது போலத்தான் இருக்கும். குட்டிக்கு அறுபது நாள். பிரீடர் கையில் திணித்த துண்டுச்சீட்டில் காலையில் பால், மதியம் சிக்கன் சோறு, ராத்திரி தயிர் சோறு, இரண்டு வேளை கால்சியம் சிரப் என்று எழுதியிருக்கும். ஊசி போடப் போனால் டாக்டர், “டாக் ஃபுட் மட்டும் போடுங்க, சிரப் வேண்டாம்” என்பார். பெட் ஷாப்பில் சிரப்போடு ஒரு பவுடர் டப்பாவையும் சேர்த்து நீட்டுவார்கள். எதிர் வீட்டுப் பெரியவர், “நாங்க ராகிக் களி போட்டே அல்சேஷன் வளர்த்தோம் தம்பி” என்பார். நாலு பேர் நாலு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்க, குட்டி பாட்டுக்கு வாரத்துக்கு ஒன்றரை, இரண்டு கிலோ ஏறிக்கொண்டிருக்கும்.

இங்கே எழுதுவது கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட், மாஸ்டிஃப் போல வளர்ந்தபின் 45 கிலோவைத் தாண்டும் நாய்களை மனதில் வைத்து. ராட்வீலர், ஜெர்மன் ஷெப்பர்ட், லாப்ரடார் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். ராஜபாளையம் உயரமாக இருந்தாலும் எடையில் 30 கிலோவை ஒட்டியே நிற்பதால் எல்லைக்கோட்டில் இருக்கிறது. சந்தேகமிருந்தால் பெரிய இனக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை.

## எதை வைத்து எடைபோடுவது

வளரும் வேகம். டேன் குட்டி பிறக்கும்போது அரைக் கிலோ சொச்சம்தான். ஒன்றரை, இரண்டு வருடத்தில் 60 கிலோ. கிட்டத்தட்ட நூறு மடங்கு. எலும்பு முற்றுவதற்குள் உடம்பு பாரம் ஏறினால் அந்தச் சுமை முழுவதும் இளம் குருத்தெலும்பின் மேல் இறங்கும். 1974-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹெட்ஹாமர் குழுவினர் டேன் குட்டிகளில் ஒரு பிரிவுக்கு வேண்டியமட்டும் தீனி வைத்தார்கள், இன்னொரு பிரிவுக்கு அளந்து குறைத்து வைத்தார்கள். வேண்டியமட்டும் தின்ற குட்டிகளுக்குத்தான் எலும்புக் கோளாறுகள் அதிகம் வந்தன. பின்னாளில் நாய்த் தீவனம் தயாரிக்கும் பியூரினா நிறுவனம் 48 லாப்ரடார்களை ஆயுள் முழுக்கப் பின்தொடர்ந்தது. 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டவற்றுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறும் குறைவு, ஆயுளும் ஏறக்குறைய 1.8 வருடம் கூடுதல். மெதுவாக வளர்ந்தால் உயரம் குட்டையாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். உயரம் அப்பா அம்மாவிடமிருந்து வருவது. வந்து சேர ஓரிரு மாதம் தாமதமாகும், அவ்வளவுதான்.

கால்சியம். எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இதுதான். வளர்ந்த நாய்க்கு வேண்டாத கால்சியத்தைக் குடலிலேயே தடுத்து வெளியேற்றத் தெரியும். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு சரியாக வருவதில்லை. உள்ளே போட்டதில் பெரும்பங்கை உடம்பு இழுத்துக்கொள்ளும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஹாசவிங்கெல் என்ற ஆய்வாளர் 1980-களில் டேன் குட்டிகளை வைத்தே இதைச் சோதித்தார். தீவனத்தில் 1.1 சதவீதம் கால்சியம் இருந்தபோது சரியாக வளர்ந்தன. 3.3 சதவீதம் கொடுத்தபோது குருத்தெலும்பு எலும்பாக மாறுவது தடுமாறி, கால்கள் வளைந்தன. 0.55 சதவீதம் கொடுத்தபோது எலும்பு மெலிந்துபோனது. அதனால் ஒரு கீழ்க்கோடும் ஒரு மேல்கோடும் உண்டு. தீவனத்துக்குச் சத்து அளவுகளை வகுக்கும் அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பு பெரிய இனக் குட்டிகளுக்கு ஈரம் நீக்கிய கணக்கில் 1.2 முதல் 1.8 சதவீதம் வரை என்கிறது. மற்ற குட்டிகளுக்கு 2.5 வரை அனுமதி. வேறு விதமாகச் சொன்னால், ஆயிரம் கலோரிக்கு 3 முதல் 4.5 கிராம் கால்சியம். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

முழுமை. கால்சியத்தோடு பாஸ்பரஸும் ஒரு விகிதத்தில் இருக்க வேண்டும். துத்தநாகம், தாமிரம், அயோடின், வைட்டமின் டி, ஈ எல்லாம் கணக்கில் வரும். புரதத்தைப் பற்றி மட்டும் கவலையை விடுங்கள். “புரோட்டீன் ஜாஸ்தியானா கால் வளையும்” என்று இன்னும் சொல்கிறார்கள். அதே உட்ரெக்ட்டில் 15, 23, 32 சதவீதப் புரதம் கொடுத்து டேன் குட்டிகளை வளர்த்துப் பார்த்து, எலும்பு வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை என்று 1991-லேயே எழுதிவிட்டார்கள்.

காசும் கைப்பாடும். மாதச் செலவு மட்டும் போதாது. யார் சமைப்பது, ஊருக்குப் போனால் யார் பார்ப்பது, ஃப்ரிட்ஜில் இடம் உண்டா என்பதும் சேர்த்தி.

## பெரிய இனக் குட்டிகளுக்கென்றே வரும் டாக் ஃபுட்

நம் ஊரில் எந்தக் கம்பெனியின் உருண்டையானாலும் பொதுப்பெயர் “பெடிகிரி”தான். அதனால் கடையில் கேட்கும்போது “லார்ஜ் பிரீட் பப்பி” அல்லது “ஜெயன்ட் பப்பி” என்று தெளிவாகக் கேளுங்கள். ராயல் கேனின் போன்றவர்கள் ராட்சத இனத்துக்கே இரண்டு கட்டமாக, எட்டு மாதம் வரை ஒன்று, அதற்குமேல் இன்னொன்று என்று பிரித்து விற்கிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நாலு மாத டேன், 25 கிலோ எடை. நாளுக்கு ஏறக்குறைய 1,600 கலோரி வேண்டும். இந்த வகைத் தீவனம் கிலோவுக்கு 3,800 கலோரி என்று வைத்தால் நாளுக்கு 420 கிராம். அதில் கால்சியம் 1.2 சதவீதம் என்றால் 5 கிராம். தேவை 4.8 முதல் 7.2 கிராம் வரை. கோட்டுக்குள் அழகாக உட்கார்ந்துவிட்டது. நீங்கள் செய்ய வேண்டியது அளந்து போடுவது மட்டும்.

பாக்கெட்டின் பின்னால் “பெரிய இன நாய்களின் வளர்ச்சி உட்பட”, அதாவது 70 பவுண்டுக்கு (சுமார் 32 கிலோ) மேல் வளரும் நாய்களுக்கும் ஏற்றது என்ற பொருளில் ஆங்கில வாசகம் இருந்தால் நல்லது. பல பாக்கெட்டில் இருக்காது. அப்போது கால்சியம் எண்ணைப் பார்ப்போம், அங்கேதான் ஒரு பொறி. “கால்சியம் குறைந்தபட்சம் 1%” என்று போட்டிருப்பார்கள். குறைந்தபட்சம் தெரிந்து நமக்கு என்ன லாபம்? அதிகபட்சம் 1.3-ஆ, 2.2-ஆ என்பதுதான் கேள்வி. வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் போட்டு, உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கம்பெனியை நான் ஒதுக்கிவிடுவேன். உருண்டையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஈரம் என்பதால், சொன்ன எண்ணை 0.9-ஆல் வகுத்தால் ஈரம் நீக்கிய கணக்கு கிடைத்துவிடும்.

மறைமுகச் செலவு அளவில் இருக்கிறது. ஆறு மாதத்தில் குட்டி 45 கிலோவைத் தொட்டால் நாளுக்கு 580 கிராம், மாதத்துக்கு 17 கிலோவுக்கு மேல். 15 கிலோ மூட்டை ஒரு மாதம் தாங்காது. இந்தச் செலவு வளர்ந்து முடியும்வரை குறையாது. மூட்டை பிரித்துக் கிலோக்கணக்கில் நிறுத்துக் கொடுக்கும் கடைகளில் வாங்க வேண்டாம். திறந்து வைத்த மூட்டையில் கொழுப்பு கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்; எந்த மூட்டை, என்ன தேதி என்பதும் தெரியாது.

தானியம் இல்லாத “கிரெய்ன் ஃப்ரீ” வகைக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். பருப்பு வகைகள் நிறைந்த அத்தகைய தீவனங்களுக்கும் ஒருவகை இதயத் தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று 2018-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ விசாரிக்கத் தொடங்கியது. முடிவான விடை வரவில்லை. ஆனால் டேன் பிறப்பிலேயே அந்த நோய்க்கு வாய்ப்புள்ள இனம். சும்மா இருப்பதை ஏன் சீண்டுவானேன்?

## சாதாரண பப்பி ஃபுட், அல்லது அடல்ட் ஃபுட்

சாதாரண பப்பி ஃபுட் பக் போன்ற சின்ன இனக் குட்டிக்கும் சேர்த்துச் செய்தது. கால்சியம் அனுமதி மேலே 2.5 வரை போகும். அந்த உச்சத்தில் இருக்கும் தீவனத்தை 420 கிராம் போட்டால் 9 கிராமைத் தாண்டும். விலை குறைவு, தெருமுனைக் கடையிலும் கிடைக்கும் என்பது உண்மைதான். எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, 1.8-க்குள் இருந்தால் தாராளமாகப் போடலாம். பெயரில் “லார்ஜ்” இல்லாதது ஒரு குறையே இல்லை.

மூன்று மாதத்திலேயே அடல்ட் ஃபுட்டுக்கு மாற்றிவிடு என்பது பழைய ஆட்களின் யோசனை. புரதமும் கொழுப்பும் குறையும், வளர்ச்சி மட்டுப்படும் என்று நினைத்தார்கள். அதில் கலோரி குறைவு என்பதால் குட்டி அதிகம் தின்னும். அதிகம் தின்றால் கால்சியமும் அதிகம் உள்ளே போகும். இந்த யோசனையை இப்போது விட்டுவிடலாம்.

## வீட்டுச் சாப்பாடு

இந்த இடத்தில் பலருக்கும் மனம் இளகும். எனக்கும்தான். குக்கர் மூடியைத் திறந்ததும் வாலால் சுவரை அடித்துக்கொண்டு நிற்கும் குட்டியிடம் உருண்டையை நீட்ட யாருக்கு மனசு வரும்? சுவை, ஈரம், செரிமானம் எல்லாவற்றிலும் வீட்டுச் சாப்பாடு நல்லதுதான். சிக்கல் கணக்கில்.

அதே நாலு மாதக் குட்டிக்கு ஒரு நாளைக்கு அரைக் கிலோ எலும்பில்லாத கோழி, அரைக் கிலோ சோறு, இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் தயிர் வைக்கிறோம். கலோரி ஏறக்குறைய சரியாக வந்துவிடும். கால்சியம்? கோழியில் 60 மில்லிகிராம், சோற்றிலும் முட்டையிலும் சேர்த்து 100 சொச்சம், தயிரில் 250, 300. மொத்தம் அரை கிராம்கூடத் தேறாது. வேண்டியதோ 4.8 கிராம். பாஸ்பரஸ் மட்டும் ஒன்றரை கிராம் அளவுக்கு இருக்கும். தலைகீழ் விகிதம். இப்படியே ஓடினால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்து ரத்தத்துக்குக் கொடுக்கும். சோபாவிலிருந்து குதித்ததும் எலும்பு முறிந்தது என்று வரும் குட்டிகளில் இந்தக் கறிச்சோறு கதை அடிக்கடி கேட்கும்.

பாலால் ஈடுகட்டலாமா? லிட்டருக்கு 1.2 கிராம் கால்சியம். நாலு லிட்டர் வேண்டும். வயிற்றுப்போக்கில் வீடே நாறிவிடும். ராகி? 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, தானியங்களில் அதுதான் ராஜா. ஆனாலும் 4.8 கிராமுக்கு ஒரு கிலோவுக்கு மேல் மாவு கிளற வேண்டும், அதிலும் தானியத்தில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் தடுப்பதால் பாதி ஒட்டாது. ராகிக் களி போட்டு வளர்த்த பெரியவரின் அல்சேஷன் தெருவில் கிடைத்ததையும் கடித்துத் தின்றிருக்கும், எலும்பு உட்பட. அதை அவர் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்.

கோழித் தலையும் காலும் வாங்கி, குக்கரில் எட்டுப் பத்து விசில் விட்டு, எலும்பு மாவாக நசுங்கும்வரை வேகவைத்துச் சோற்றோடு பிசைவது நம் ஊர் வழக்கம். கறிக்கடையில் கிலோ கொஞ்சக் காசுக்குக் கிடைக்கும். கால்சியம் இருக்கிறது, சந்தேகமில்லை. எவ்வளவு என்பதுதான் யாருக்கும் தெரியாது. ஒருநாள் கால் அதிகம், மறுநாள் தலை அதிகம், மூன்றாம் நாள் கடைக்காரர் வெறும் தோலைத் தள்ளிவிடுவார். வளர்ந்த தெரு நாய்க்கு இது விருந்து. டேன் குட்டிக்குக் குருட்டுச் சூதாட்டம்.

முட்டை ஓட்டுத் தூள் ஒரு டீஸ்பூனில் சுமார் 2 கிராம் கால்சியம் உண்டு. அதைக் கிராம் தராசில் அளந்து சேர்த்தால் கால்சியம் பிரச்சினை தீரும். துத்தநாகம், தாமிரம், அயோடின், வைட்டமின் டி ஆகியவை அப்போதும் பாக்கி. ஆகவே வீட்டுச் சாப்பாடு மட்டும்தான் என்றால், கால்நடை ஊட்டச்சத்து தெரிந்த டாக்டரிடம் குட்டியின் எடைக்கு ஏற்றபடி சமையல் குறிப்பும், அதோடு சேர்க்க வேண்டிய தாது வைட்டமின் கலவையும் எழுதி வாங்க வேண்டும். குட்டி வளர வளர இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை அளவையும் மாற்ற வேண்டும். இதைச் செய்வீர்கள் என்றால் இந்த வழி முதல் தரம். செய்ய முடியாது என்றால் எல்லா வழியிலும் ஆபத்தானது இதுதான்.

செலவு குறைவு என்பதும் பாதிதான் உண்மை. எலும்பில்லாக் கோழி, கலவைப் பவுடர், கேஸ், தினமும் முக்கால் மணி நேரம் சமையல். கூட்டிப் பார்த்தால் நல்ல டாக் ஃபுட்டுக்குப் பெரிதாகக் கீழே நிற்காது. வெங்காயம், பூண்டு போட்ட குழம்பும் திராட்சையும் எந்த நாளும் கூடாது.

## பச்சை இறைச்சி

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: இந்த வயதில், இந்த இனத்துக்கு, நம் வெயிலில் வேண்டாம். எலும்பு அதிகமான கோழிக் கழுத்து கொடுத்தால் கால்சியம் கோட்டைத் தாண்டும்; குடலும் இறைச்சியும் மட்டும் கொடுத்தால் கோட்டுக்குக் கீழே போகும். ஈரல் தினமும் போனால் வைட்டமின் ஏ ஏறிக்கொண்டே போகும். சால்மொனெல்லா குட்டியை விட்டாலும் அதன் வாயை முகத்தருகே கொண்டுபோகும் குழந்தையை விடாது. வளர்ந்த பிறகு, ஃப்ரீஸர் வசதியும் பொறுமையும் உள்ளவர்கள் யோசிக்கலாம்.

## கலந்து போடுவது

நம் வீடுகளில் உண்மையில் நடப்பது இதுதான். சரியாகச் செய்தால் நல்ல வழியும்கூட. ஒரே ஒரு விதி: ஒரு நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெளிச் சாப்பாடு வேண்டாம். 1,600 கலோரிக் குட்டிக்கு 160. அதாவது ஒரு வேகவைத்த முட்டையும் 50 கிராம் கோழியும், அவ்வளவுதான். அதற்கு ஈடாக 40 கிராம் உருண்டையை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் சேர்த்தால் குட்டி கொழுக்கும். பாதிக்குப் பாதி சோறு கலந்தால் தீவனத்தின் கணக்கு முழுவதும் நீர்த்துப்போகும்.

என் முதல் டேனுக்கு நான் செய்தது இதற்கு நேர் எதிர். நல்ல பப்பி ஃபுட், கூடவே தினமும் குக்கரில் வெந்த கோழிக்கால், கூடவே சிரப் காலை பத்து மில்லி, மாலை பத்து மில்லி. “எலும்பு கனமா வரணும்” என்று விற்றவர் சொன்னார், நானும் தலையாட்டினேன். நாலரை மாதத்தில் முன்னங்கால் மணிக்கட்டுக்கு மேலே தட்டையாக வீங்கியது, தொட்டால் சுட்டது. இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. எக்ஸ்ரேயை விளக்குக்கு எதிரே பிடித்தபடி டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “சிரப் எத்தனை பாட்டில் ஆச்சு?” சிரப்பும் கோழிக்காலும் அன்றே நின்றன. வீக்கம் வடிந்தது. ஆனால் கடைசிவரை அவன் முன்பாதம் இரண்டும் வெளிப்பக்கம் பார்த்தபடியேதான் நடந்தான்.

## ஒரே பார்வையில்

| வழி | கால்சியம் கோட்டுக்குள் நிற்குமா | மறைமுகச் செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|
| பெரிய இன பப்பி ஃபுட் | நிற்கும், எதுவும் சேர்க்காவிட்டால் | மாதம் 15 கிலோவுக்கு மேல், ஒன்றரை, இரண்டு வருடம் | முதல்முறை வளர்ப்பவர், வேலைக்குப் போகிறவர் |
| சாதாரண பப்பி ஃபுட் | கம்பெனியைக் கேட்டால்தான் தெரியும் | எக்ஸ்ரே வரை போகலாம் | 1.8-க்குள் என்று உறுதி செய்தவர் |
| வீட்டுச் சாப்பாடு மட்டும் | தானாக நிற்காது | கலவைப் பவுடர், நேரம், அடிக்கடி டாக்டர் | ஒவ்வாமை உள்ள குட்டி, அளந்து சமைக்கும் வீடு |
| பச்சை இறைச்சி | நாளுக்கு நாள் மாறும் | கிருமி, ஃப்ரீஸர் | இந்த வயதில் யாருக்கும் இல்லை |
| கலந்து, பத்தில் ஒரு பங்கு | நிற்கும் | அளக்கும் சிரமம் | சாப்பிட அடம்பிடிக்கும் குட்டி |

## என் தேர்வு

கையில் காசு இருந்தால் பெரிய இன பப்பி ஃபுட், மேலே ஒரு முட்டை. பட்ஜெட் இறுக்கம் என்றால் கால்சியம் எண் தெரிந்த நடுத்தர விலைத் தீவனம்; விலை உயர்ந்த தீவனத்தில் பாதியும் சோறு பாதியும் போடுவதைவிட இது மேல். வீட்டில் அசைவமே கிடையாது என்றால் நாய்க்காகத் தனி அடுப்பு வைக்க நினைக்காமல் டாக் ஃபுட்டிலேயே நில்லுங்கள். சிக்கனைத் தொட்டாலே சொறிகிற குட்டி என்றால்தான் டாக்டர் எழுதித் தரும் வீட்டுச் சமையல் முதலிடத்துக்கு வரும்.

எதைத் தேர்ந்தாலும் தட்டை நிரப்பி வைத்துவிட்டு வேலைக்குப் போகாதீர்கள். மூன்று மாதம் வரை நாளுக்கு நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு. வளர்ந்த பிறகும் ஒரே வேளையாகச் சுருக்க வேண்டாம். டேன் வயிறு காற்று நிரம்பி முறுக்கிக்கொள்ளும் நோய்க்குப் பேர்போன இனம், ஒரே வேளைப் பெருஞ்சாப்பாடு அந்த ஆபத்தைக் கூட்டும். பிரீடர் போட்டுவந்த தீவனத்தை முதல் வாரம் அப்படியே தொடர்ந்துவிட்டு, அடுத்த ஏழு முதல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். அடல்ட் ஃபுட்டுக்கு மாறுவது ஒன்றரை வயதுக்குப் பிறகு.

பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு ஆரம்பப் புள்ளி மட்டும். விலாவில் கையை வைத்து லேசாகத் தடவினால் எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும். மேலேயிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும். விலா தேடவேண்டியிருந்தால் பத்து சதவீதம் குறையுங்கள். எடையை வாரம் ஒருமுறை எழுதி வையுங்கள். 20 கிலோ வரை தூக்கிக்கொண்டு வீட்டுத் தராசில் ஏறலாம். அதற்குமேல் நான் போவது தெருக்கோடி அரிசிக் கடைக்கு. மூட்டை நிறுக்கும் தராசில் உட்காரச் சொன்னால் உட்காரும், கடைக்காரர் எடையைச் சொல்லிவிட்டு ஒவ்வொரு முறையும் “ஏன் இவ்வளவு ஒல்லியா வெச்சிருக்கீங்க” என்று கேட்பார். அவர் அப்படிக் கேட்கும்வரை அளவு சரி.

சிரப் பாட்டிலை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் மூடியைத் திறக்காதீர்கள். பில் இருந்தால் பெரும்பாலும் கடையில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அந்தக் காசுக்கு ஒரு தட்டு முட்டை வாங்கலாம்.